நாற்காலி, டீ, சாப்பாடு: அசரியா கேட்டது என்ன?

எங்க தெக்கத்தி பக்கம் சர்ச்சுகள்ல மிஷனெரி பண்டிகைன்னு ஒண்ணு நடந்தா அத்தியட்சர் அசரியா பேர் வராம முடியாது. வெள்ளாளன்விளைங்கற ஊர்ல பொறந்து, ஆங்கிலிகன் சபையில, அதாவது இங்கிலாந்துத் திருச்சபை வழியில வந்த சபையில, முதல் இந்திய அத்தியட்சரா, அதாவது பிஷப்பா, ஆனவர் அவர். பிரசங்கம் முடியப் போற நேரத்துல பேச்சாளர் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "எடின்பரோ மாநாட்டுல நம்ம வெள்ளாளன்விளைக்காரர் எழுந்து நின்னு, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்னு கேட்டார்"னு சொல்லுவாரு, நாம எல்லாரும் உருகிப்போயி தலையாட்டுவோம், அடுத்து காணிக்கைப் பை சுத்தி வரும். எனக்கு இதுல ரொம்ப நாளா ஒரு உறுத்தல். அந்த வரி இப்ப யாரையும் தொந்தரவு பண்ணாத வரியா ஆயிடுச்சு. வெள்ளைக்காரன் முகத்துக்கு நேரா நம்மாளு ஒருத்தர் கேட்டாருன்னு ஒரு பெருமை, அதோட முடிஞ்சுது. ஆனா அன்னைக்கு அந்த ஹால்ல உக்காந்திருந்தவங்க எல்லாரும் உருகல, பல பேருக்கு முகம் சிவந்துபோச்சு. ஒரே பேச்சு அப்ப அவ்வளவு கோபத்தைக் கிளப்பிச்சு, இப்ப நமக்கு இவ்வளவு இனிப்பா இருக்குன்னா, நாம அதை முழுசா கேக்கலைன்னுதான் எனக்குத் தோணுது.

1910 ஜூன் மாசம். ஸ்காட்லாந்து எடின்பரோல உலக மிஷனெரி மாநாடு. 1,200 பேருக்கு மேல பிரதிநிதிகள், அதுல ஆசியாவிலேர்ந்து வந்தவங்க இருபது பேர் கூட இல்ல. அசரியாவுக்கு வயசு 35. குருப்பட்டம் வாங்கி ஒரு வருஷம்தான் ஆகுது, அதுக்கு முன்னாடி ஒய்.எம்.சி.ஏ.ங்கற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்துக்கு செக்ரட்டரியா ஊர் ஊரா சுத்தினவர். அவருக்குக் கொடுத்த தலைப்பு வெளிநாட்டு ஊழியர்களுக்கும் உள்நாட்டு ஊழியர்களுக்கும் நடுவுல ஒத்துழைப்பு எப்படி இருக்கணும்ங்கறது. இந்த மாதிரி தலைப்புக்கு ரெண்டு நன்றி, ஒரு வேண்டுகோள், ஒரு வசனம்னு பேசிட்டு இறங்கிடலாம், யாரும் தப்பு சொல்லப் போறதில்ல. அவர் அப்படிப் பேசல.

முதல்ல அவர் எடுத்தது கடைசி வரியை இல்ல, ரொம்ப சின்ன சின்ன விஷயங்களை. மிஷனெரிக்கும் இந்திய ஊழியருக்கும் நடுவுல ஒரு விலகல் இருக்கு, சம்பளம் கொடுக்கறவரு வாங்கறவருங்கற உறவைத் தாண்டி ஒண்ணும் இல்லைன்னு சொன்னாரு. வீட்டுக்கு வந்தா பதிலுக்கு வீட்டுக்குப் போறது, கை குலுக்கறது, உக்கார நாற்காலி கொடுக்கறது, ஒண்ணா சாப்பிடறது, டீ குடிக்கறது, இதையெல்லாம் பட்டியல் போட்டே சொன்னாரு. இதுகளுக்காகவே நான் மன்றாடல, ஆனா இதெல்லாம் நட்போட வெளி அடையாளமா இருக்கும்னா இதுக்காகவும் இதுக்கு மேலயும் மன்றாடுறேன், மிஷனெரி எங்க நடுவுல எஜமானா இல்லாம சகோதரனா நண்பனா இருக்க மனசு வெச்சிருக்காருன்னு தெரியணும்னாரு. பல வருஷமா இந்தியாவுல மாடு மாதிரி உழைச்ச ஆளுங்க எதிர்ல உக்காந்திருக்காங்க. அவங்ககிட்ட போயி, நீங்க எங்களுக்கு ஸ்கூல் கட்டினீங்க, ஆஸ்பத்திரி கட்டினீங்க, உங்க வீட்டுக் கூடத்துல ஒரு நாற்காலி போட்டீங்களான்னு கேட்டா எப்படி இருக்கும்.

அதுக்கப்புறம்தான் அந்தப் பிரபலமான முடிவு. வரப்போற காலமெல்லாம் இந்தியத் திருச்சபை மிஷனெரிகளோட வீரத்துக்கும் தியாகத்துக்கும் நன்றியா சாட்சி சொல்லும், ஏழைகளுக்கு உண்டானதையெல்லாம் கொடுத்தீங்க, உங்க சரீரத்தைச் சுட்டெரிக்கக் கொடுத்தீங்க, அன்பையும் கேக்கறோம், நண்பர்களைத் தாங்க. மேலோட்டமா பாத்தா பாராட்டுப் பத்திரம். ஆனா அது பைபிள்ல பவுல் அன்பைப் பத்தி எழுதின வசனம், சண்டே ஸ்கூல்ல 1 கொரிந்தியர் 13 மனப்பாடம் பண்ணின எவனுக்கும் அடுத்த பாதி தானா வாயில வந்துடும்: "அன்பு எனக்கிராவிட்டால் எனக்குப் பிரயோஜனம் ஒன்றுமில்லை." அந்தப் பாதியை அவர் சொல்லல. சொல்லவே வேண்டியதில்ல, அங்க இருந்த ஆயிரத்துச் சொச்சம் பேருக்கும் அது மனப்பாடம். பாராட்டற மாதிரி ஆரம்பிச்சு, வசனத்தை நடுவுலயே நிறுத்தி, மிச்சத்தை அவங்க மனசே முடிச்சுக்கட்டும்னு விட்டுட்டாரு. இவ்வளவு மரியாதையா இவ்வளவு ஆழமா குத்தின பேச்சு நம்ம சபை வரலாத்துல வேற ஒண்ணு இருக்கான்னு எனக்குச் சந்தேகம்தான். நம்ம பிரசங்கிங்க இதைக் கண்ணீர்க் குரல்ல சொல்றப்ப எனக்குப் பத்திக்கிட்டு வர்றதுக்கு காரணம் இதுதான், அது கெஞ்சின பேச்சு இல்லய்யா.

நட்புன்னு அவர் சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லல, அதையும் சேத்துக்கணும். அமெரிக்காக்காரர் ஷெர்வுட் எடி தமிழ் கத்துக்கிட்டு இவரோட சேந்து திருநெல்வேலி ஜில்லாவையே சுத்தினவர், ரெண்டு பேரும் அவ்வளவு நெருக்கம். அதனால வெள்ளைக்காரன் ஒருத்தன் நிஜமாவே நண்பனா இருந்தா எப்படி இருக்கும்னு அசரியாவுக்கு அனுபவத்துல தெரியும். தெரிஞ்சதாலதான் மத்தவங்க வெக்கற இடைவெளி அவருக்கு அவ்வளவு துல்லியமா தெரிஞ்சிருக்கு.

அசனப் பந்தியில

எனக்கு இந்தப் பேச்சு வேற மாதிரி கேக்க ஆரம்பிச்சது தூத்துக்குடி பக்கம் ஒரு ஊர்ல நடந்த மிஷனெரி பண்டிகைக்கு அப்புறம்தான். வடக்க பணித்தளத்துலேர்ந்து ஒரு பத்துப் பேரை வேன்ல கூட்டிட்டு வந்திருந்தாங்க. அவங்க உடுப்புலயே மேடை ஏத்தி, அவங்க பாஷையில ஒரு பாட்டு பாடவெச்சு, ஒரு அம்மாவை சாட்சி சொல்ல வெச்சு, அதைத் தமிழ்ல ஒருத்தர் சொல்லச் சொல்ல சபையே கைதட்டிச்சு. எல்லாம் நல்லாத்தான் போச்சு. ஆராதனை முடிஞ்சு அசனம், அதாவது சபை விருந்து. ஐயரு (எங்க பக்கம் சபைப் போதகரை அப்படித்தான் சொல்லுவோம்), கமிட்டிக்காரங்க, நன்கொடை எழுதினவங்க எல்லாருக்கும் முதல் பந்தியில டேபிள் போட்டு இலை விரிச்சாச்சு, சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் பருப்பும் வாளி வாளியா வருது, அந்த வாசனை தெரு முனை வரைக்கும் அடிக்குது. வேன்ல வந்தவங்க பந்தல் ஓரமா நிக்கறாங்க. அவங்களுக்குப் பொட்டலம் கட்டியாச்சு, வண்டியில போறப்ப சாப்பிட்டுக்கலாம்னு கமிட்டிக்காரர் ஒருத்தர் பரபரப்பா சொல்லிட்டுப் போனாரு. அவருக்குக் கெட்ட எண்ணம் ஒண்ணும் இல்ல, வேன் வாடகை நேரம் ஆகுதுங்கற அவசரம்தான். எங்க பெரியம்மா ஒருத்தங்க, வீடு வீடா பிடி அரிசி வாங்கற பொறுப்புல இருக்கறவங்க, அவரை நிறுத்தி, "ஏய்யா, அவுக நம்ம வீட்டு விருந்தாளியா, இல்ல நாம காட்டுற படமா?"ன்னு கேட்டுட்டாங்க. அவரு சிரிச்சு மழுப்பிட்டு நகந்துட்டாரு. பெரியம்மா நேரா போயி அந்த சாட்சி சொன்ன அம்மா கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து முதல் பந்தியில தன் பக்கத்துல உக்கார வெச்சாங்க, அப்புறம் மத்தவங்களும் தயங்கித் தயங்கி வந்து உக்காந்தாங்க. வேன்காரன் அரை மணி நேரம் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தான்.

பிடி அரிசின்னா நம்ம பக்கத்து ஆளுங்களுக்குச் சொல்லத் தேவையில்ல, உலையில அரிசி போடறதுக்கு முன்னாடி ஒரு கைப்பிடி எடுத்து ஊழியத்துக்குன்னு தனிப் பானையில போட்டு வெக்கறது. அசரியா கட்டின மாதிரி ஸ்தாபனமெல்லாம் நின்னது இந்தக் கைப்பிடிங்க மேலதான். 1902-ல அவர் யாழ்ப்பாணம் போறாரு. அங்க இருக்கற தமிழ்க் கிறிஸ்தவங்க தங்களுக்குள்ள காசு சேத்து கடலைத் தாண்டி தொண்டிப் பக்கம் ஊழியக்காரங்களை அனுப்பறாங்கன்னு பாக்கறாரு. அதாவது நம்ம கரைக்கே அவங்கதான் மிஷனெரி அனுப்பறாங்க! இங்க திருநெல்வேலி சபை ஆளும் பேருமா எவ்வளவு பெருசு, இப்படி ஒரு சங்கம் கிடையாது. அந்த வெக்கம் தாங்காம ஊர் திரும்பி, அடுத்த வருஷம் 1903 பிப்ரவரியில இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பிக்கறாங்க, நாம இன்னைக்கும் ஐ.எம்.எஸ்.னு சொல்றது. இந்திய ஆள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம், இவ்வளவுதான் விதி. அதுக்கப்புறம் 1905 கிறிஸ்மஸ் அன்னைக்கு செராம்பூர்ல தேசிய மிஷனெரி சங்கம். அவர் அதோட நிறுத்தியிருந்தாலும் பேர் நின்னிருக்கும். நல்ல ஒய்.எம்.சி.ஏ. வேலை, ஊர் ஊரா மேடை, வெளிநாட்டுப் பயணம். அதை விட்டுட்டு, அடுத்தவனைப் போகச் சொல்றதுக்கு முன்னாடி நான் போறேன்னு 1909-ல தோர்ணக்கல்லுக்கு மூட்டை கட்டினாரு.

பயந்து பயந்து கொடுத்த பட்டம்

தோர்ணக்கல் எங்க இருக்குன்னா, சென்னையிலேர்ந்து டெல்லி போற ரயில்ல விஜயவாடா தாண்டி, கம்மம் தாண்டி, வாரங்கல் வர்றதுக்கு முன்னாடி ஒரு ஜங்ஷன் வரும். இப்ப தெலங்கானா, அப்ப நிஜாம் ராஜ்யம். பாஷை தெலுங்கு, வெயில் கொடுமை. அங்க ஆரம்பத்துல கூடாரத்துல இருந்தாரு, மனைவி அன்பு மாரியம்மாளும் கூட. கல்லூரியில படிச்ச முதல் தலைமுறைக் கிறிஸ்தவப் பொண்ணு அவங்க, அவங்களை வரதட்சணை வாங்காமத்தான் கட்டிக்கிட்டாரு. இன்னைக்கும் நம்ம ஐயர்மார் வீட்டுக் கல்யாணங்களை நினைச்சா இதை ரெண்டு தடவை சொல்லலாம்.

1912 டிசம்பர் 29, கல்கத்தா செயின்ட் பால் கதீட்ரல்ல அவருக்கு அத்தியட்சர் பட்டம். ஆங்கிலிகன் சபையில முதல் இந்திய பிஷப். இதுக்காக மெட்ராஸ் பிஷப் ஹென்றி வொயிட்ஹெட் பிடிச்ச பிடி சாதாரணமில்ல. எதிர்ப்பு எல்லாப் பக்கமும் இருந்துச்சு. வெள்ளை மிஷனெரிகளுக்கு, ஒரு இந்தியனுக்குக் கீழ நாம வேலை பாக்கறதா, அதுவும் அவன் கையால தீட்சை வாங்கறதாங்கற கொதிப்பு. நம்ம ஆளுங்க பக்கம் சாதி, நாடார் சமூகத்துல பொறந்தவரை எப்படி பிஷப் ஆக்கலாம்னு திருநெல்வேலிக் கிறிஸ்தவங்களே முணுமுணுத்தாங்க. வெள்ளைக்காரன் நாற்காலி போடலன்னு குறை சொல்றதுல நாம கெட்டி, நம்ம கூடத்துல யார் யாருக்கு நாற்காலி போட்டோம்னு கேட்டா பேச்சை மாத்திடுவோம்.

இந்த பயத்துக்குப் பின்னாடி ஆப்பிரிக்கக் கதை ஒண்ணும் நின்னுச்சு. சாமுவேல் அஜயி க்ரௌதர், இன்னைக்கு நைஜீரியாங்கற பக்கத்து யொரூபாக்காரர், அடிமைக் கப்பல்லேர்ந்து தப்பினவர், 1864-ல முதல் ஆப்பிரிக்க ஆங்கிலிகன் பிஷப். கடைசி காலத்துல இளவட்ட வெள்ளை மிஷனெரிங்க வந்து அவர் ஊழியக்காரங்களை நீக்கி, அவர் அதிகாரத்தையும் பறிச்சு, கிழவரை அவமானப்படுத்தினாங்க. 1891 டிசம்பர் 31 அன்னைக்கு அவர் செத்துப்போனப்ப அவர் இடத்துக்கு ஒரு இங்கிலீஷ்காரரைப் போட்டாங்க. அதுக்கப்புறம், பாத்தீங்களா இதுக்குத்தான் உள்ளூர்க்காரனை வெக்கக் கூடாதுன்னு பேச ஒரு சாக்கு கிடைச்சிடுச்சு. அசரியா தலையில பட்டம் வெச்சப்ப அவர் தோத்தா அடுத்த ஒரு தலைமுறைக்கு எந்த இந்தியனுக்கும் கதவு திறக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அதனால முதல்ல அவருக்குக் கொடுத்தது ரொம்பச் சின்ன அத்தியட்சாதீனம், அதாவது பிஷப் ஆளுகைக்குள்ள வர்ற வட்டாரம், வெள்ளை மிஷனெரிங்க அவர் கீழ அதிகம் வராத மாதிரி பாத்துக் கொடுத்தது. இதை நம்ம ஆளுங்க சொல்றதில்ல. முதல் இந்திய பிஷப்னு கேக் வெட்டற மாதிரிதான் சொல்லுவோம். கௌரவத்தைக் கொடுத்துட்டு இடத்தைச் சுருக்கற இந்த வித்தை எல்லா ஆபீஸ்லயும் நடக்கறதுதானே. ஆனா மனுஷன் அந்தச் சின்ன இடத்துலயே வேலையைக் காட்டினாரு. பத்து வருஷம் போல ஆனதும் கிருஷ்ணா ஜில்லாப் பக்கத்து பழைய மிஷன் பகுதிகளெல்லாம் அவர் கைக்கு வந்துச்சு, கூடவே அந்த வெள்ளை மிஷனெரிகளும். 1941 வாக்குல அந்த அத்தியட்சாதீனத்துல 2 லட்சத்துக்கு மேல ஜனங்க.

எஜமானா, நண்பனா

இப்ப என் உறுத்தலோட நடு இடத்துக்கு வர்றேன். வெள்ளைக்காரன்கிட்ட நட்பு கேட்டவரு, தனக்குக் கீழ இருந்தவங்களுக்கு எப்படி இருந்தாரு? ஏன்னா அங்க அவர்தான் வெளியூர்க்காரர். தமிழர், படிச்சவர், கையில அதிகாரம். எதிர்ல இருந்தவங்க மாலா, மாதிகா ஜனங்க, ஊருக்கு வெளியில தள்ளி வெக்கப்பட்டவங்க, செத்த மாட்டைத் தூக்கறதும் தோல் வேலையும் கூலி வேலையும்தான் அவங்களுக்குன்னு விதிச்சிருந்தாங்க.

ஒரு பக்கம் பாத்தா மனசு நிறையுது. மாட்டு வண்டியிலயும் சைக்கிள்லயும் கிராமம் கிராமமா போறது, அவங்க குடிசைகளுக்கு நடுவுல கூடாரம் போட்டுத் தங்கறது. அவங்க தெலுங்குப் பாட்டு மெட்டுகளை ஆராதனைக்குள்ள கொண்டு வந்தாரு. அறுப்பின் பண்டிகைக்கு ஜனங்க ஆடு, கோழி, தானியம்னு கையில கிடைச்சதைக் கொண்டு வந்து படைக்கணும்னு பழக்கினாரு, ஏழை வாங்கிக்கிட்டே இருக்கக் கூடாது கொடுக்கவும் தெரிஞ்சவன்னு சொல்றதுக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்சது ஞானஸ்நானச் சடங்கு. புதுசா வர்ற ஒவ்வொருத்தரையும் தன் கையைத் தன் தலை மேலயே வெச்சு, நான் ஞானஸ்நானம் பெத்தவன், "சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ"ன்னு சொல்ல வெப்பாராம். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மாதிகா கிழவி தன் கையைத் தன் தலையில வெச்சு பவுல் சொன்ன வார்த்தையைத் தன் வார்த்தையா சொல்றா. பிஷப் கை அவ தலைமேல இல்ல, அவ கையே இருக்கு. நேத்து வரைக்கும் கும்பிட்டு ஒதுங்கி நிக்கணும்னு பழகினவளை இன்னைக்கு நீதான் மிஷனெரின்னு சொல்றாரு. இதைவிட பெரிய நாற்காலி எது.

இன்னொரு பக்கமும் இருக்கு. குடி, கடன், அழுக்கு, நோய்னு இதுகளுக்கு எதிரா விடாம பிரசங்கம் பண்ணினவர். ரொம்பக் கண்டிப்பு. அந்தப் போதனையைப் படிக்கறப்ப எனக்குக் கொஞ்சம் நெளியுது. கடன் யாரால வந்துச்சு, அழுக்கு யாரால வந்துச்சு, குடிக்கத் தண்ணி எடுக்க ஊர்க் கிணத்துல விடாதவன்தானே அழுக்குக்குக் காரணம். குளிங்க, குடிக்காதீங்கன்னு மேலேர்ந்து சொல்ற குரலும் மெஞ்ஞானபுரம் ஹாஸ்டல்ல அவருக்கே மிஷனெரி ஒழுக்கம் சொல்லிக்கொடுத்த குரலும் கொஞ்சம் ஒண்ணா கேக்குது. ஆனா இதையும் சொல்லணும், அந்த ஜனங்க வாழ்க்கை மாறினதைப் பாத்துட்டு பின்னாடி சாதி இந்துக்களே சபைக்கு வர ஆரம்பிச்சாங்க. மாலாவும் மாதிகாவும் ஒருத்தருக்கொருத்தர் ஒதுங்கி நின்னப்ப ஒரே பாத்திரத்துலதான் திருவிருந்துன்னு அவர் விட்டுக்கொடுக்கல. ஒரே பந்தி விஷயத்துல அவருக்கு சமரசமே கிடையாது. அதனால கண்டிப்பான வாத்தியார்தான், ஆனா தனக்குத் தனிப் பந்தி போட்டுக்கலைன்னு நான் முடிவுக்கு வந்திருக்கேன். இந்த முடிவுல எனக்கு நூறு சதவீதம் திருப்தி இருக்கான்னா இல்ல.

காந்தியோட அவருக்கு வந்த பிணக்கைப் பத்தி தனியாவே எழுதலாம், இங்க ரெண்டு வரி போதும். கிறிஸ்தவங்களுக்குத் தனித் தொகுதி வேண்டாம்னு நின்னவர் அசரியா, அந்த அளவுக்கு தேசியவாதி. ஆனா 30-கள்ல ஒடுக்கப்பட்ட ஜனங்க கூட்டமா மதம் மாறறதை காந்தி எதிர்த்தப்ப, அவங்களுக்கு யோசிச்சு முடிவெடுக்கத் தெரியும்னு இவர் நம்பினாரு. எனக்கு இதுல அசரியா பக்கம்தான்.

1939 ஜனவரி 6, தோர்ணக்கல் கதீட்ரல் பிரதிஷ்டை. கட்டி முடிக்க ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆச்சு. கோயில் மண்டபம் மாதிரி கல் தூண்கள், மேல மசூதி மாதிரி மினார்களும் கும்மட்டமும், உச்சியில சிலுவை. இங்கிலாந்துக் கிராமத்து சர்ச்சை அப்படியே தூக்கி வந்து பனங்காட்டுல நட்டு வெச்ச நம்ம ஊர் கோபுரங்களைப் பாத்துப் பழகின கண்ணுக்கு போட்டோவுல பாத்தாலே ஒரு மாதிரி புதுசா இருக்கும். பிரிஞ்சு கிடந்த பல சபைப் பிரிவுகளை ஒண்ணாக்கற சபை ஐக்கியத்துக்கும் அவர் உழைச்சது அதே வேகம்தான். 1919-ல தரங்கம்பாடியில கூட்டம் போட்டு, தலைமை தாங்கி, நம்ம பிரிவினைங்க எல்லாம் வெளியிலேர்ந்து நம்ம மேல ஏத்தினதுன்னு அறிக்கை விட்டாங்க. அப்படி ஒண்ணா சேந்த தென்னிந்தியத் திருச்சபை பொறந்தது 1947 செப்டம்பர் 27-ல. அதைப் பாக்க அவர் இல்ல, 1945 ஜனவரி 1-ந்தேதி தோர்ணக்கல்லயே இறந்துபோனாரு.

அவருக்கு அப்புறம் அந்த இடத்துக்கு யார் வந்தாங்கன்னு நம்ம மேடைகள்ல யாரும் கேட்டு நான் பாத்ததில்ல. ஏ.பி. எலியட்னு ஒரு வெள்ளைக்காரர். க்ரௌதர் கதை திரும்ப நடந்துச்சுன்னு முதல்ல எனக்குச் சுருக்குன்னுச்சு. ஆனா இது வேற. எலியட் 1935-லேர்ந்து அசரியாவுக்குத் துணை அத்தியட்சரா, அதாவது ஒரு இந்தியருக்குக் கீழ, வருஷக்கணக்கா உழைச்சவர். 1912-ல இப்படி ஒண்ணு நடக்கவே கூடாதுன்னுதானே அத்தனை பேர் குதிச்சாங்க. எடின்பரோல கேட்ட நண்பர் வந்து சேந்துட்டாருன்னு இதைச் சொல்லி சந்தோஷப்படலாம், நானும் படறேன். ஆனா முப்பத்திரண்டு வருஷம் தமிழர் ஒருத்தர் ஆண்டு, நூத்துக்கு மேல இந்தியப் போதகருங்களை எழுப்பின ஒரு தெலுங்கு சபைக்கு, 1945-லயும் ஒரு தெலுங்குக்காரர் பிஷப்பா வரலை. முதல் இந்திய பிஷப்னு நாம பெருமைப்படறோம் இல்ல, தோர்ணக்கல்காரங்க பாத்தா அதே கதை வேற மாதிரிதான் தெரியும். அடுத்த மிஷனெரி பண்டிகைக்கு அவங்கள்ல ஒருத்தரைக் கூப்பிட்டு, சாட்சி சொல்லச் சொல்லாம, அசரியாவைப் பத்தி அவங்க என்ன நினைக்கறாங்கன்னு பேசச் சொன்னா நான் முதல் வரிசையில உக்காந்து கேப்பேன்.